பத்தாவது பெயர்

வைபுனா
1867 பிப்ரவரி 10

அண்ணன் எருவேராவுக்கு,

உனக்கும் உன்னோடு கூடாரத்தில் இருப்பவர்களுக்கும் வணக்கம். மலை அங்கேயே நிற்கிறது. ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது. நம்மை விட்டுப் போனவர்கள் போன இடத்தில் நிம்மதியாக இருக்கட்டும். முறைப்படி எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இனி உன்னைத் திட்டலாம்.

நீங்கள் நிலக் கோர்ட்டுக்கென்று துறைமுகத்துக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. "ஒரு வாரம்தான், கிழங்கு வெட்டறதுக்குள்ள வந்துடுவோம்" என்று படகில் நின்றுகொண்டு சொன்னது நீதான். கிழங்கு முற்றிக்கொண்டிருக்கிறது. வெட்டுவதற்கு இங்கே நானும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் நடக்க முடியாத நாலு பெரியவர்களும் இருக்கிறோம். ரிரியாவை ஏன் கூட்டிப் போனாய்? சரி, பெண்டாட்டி இல்லாமல் உனக்குச் சோறு இறங்காது. நாலு வயதுக் குழந்தையை எதற்குக் கூட்டிப் போனாய்? ஹரியாட்டா கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறாளா?

நிலம் அளக்கிற வெள்ளைக்காரர்கள் சங்கிலியோடு வந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் அடித்த வெள்ளை முளைகளில் ஒன்று நம் சர்க்கரைவள்ளித் தோட்டத்துக்கு நட்டநடுவில் நிற்கிறது. பிடுங்கினால் குற்றம் என்றார்கள். பிடுங்கவில்லை. கொடியை எடுத்து அதன்மேல் சுற்றிவிட்டேன். நன்றாகப் படர்ந்திருக்கிறது.

நானும் வந்து நிற்க வேண்டும் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாய். நான் வரமாட்டேன். சண்டைக் காலத்தில் எல்லாரும் காட்டுக்குள் ஓடியபோது இந்த அடுப்பை ஒருநாள்கூட அணையவிடாமல் வைத்திருந்தவள் நான். யாருடைய அடுப்பு எரிகிறதோ அவருடையது நிலம். இதை உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நானும் கிளம்பி வந்து நாலு நாள் இங்கே புகை தெரியாமல் போனால், மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் "அங்க அடுப்பு ஆறிப்போச்சு" என்று நீதிபதி முன்னால் போய் நிற்பார்கள்.

நீ அங்கே பேசு. நான் இங்கே எரிக்கிறேன்.

பிரிஹிரா


துறைமுகம்
1867 மார்ச் 3

தங்கை பிரிஹிராவுக்கு,

ஜெயித்துவிட்டோம். இதை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ கடைசி வரியிலிருந்து படிக்க ஆரம்பிப்பாய்.

கோர்ட் நடப்பது கம்பளி மூட்டை அடுக்குகிற கொட்டகையில். ஆட்டு வாடை. மொழிபெயர்ப்பவர் வடக்கே எங்கோ மாவோரி கற்றவர். அவர் நம் மொழி பேசினால் மூன்று வயதுப் பிள்ளை அம்மாவைக் கூப்பிடுவது போல இருக்கிறது. நான் எழுந்து நம் வம்சத்தை, முன்னோர்கள் கடல் தாண்டிப் படகில் வந்த நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். எட்டாவது தலைமுறையில் நீதிபதி ஏதோ முணுமுணுத்தார். "கொஞ்சம் சுருக்கமாச் சொல்லச் சொல்றாரு" என்றார் மொழிபெயர்ப்பவர். "சுருக்கினா எந்தத் தாத்தாவ விடட்டும்னு அவரையே கேளுங்க" என்றேன். கொட்டகையே சிரித்தது. நீதிபதியும் சிரித்தார், புரிந்த பிறகு.

எதிர்த்து நின்றது யார் தெரியுமா? நிகோரா. நம் அப்பா ஆற்றோரத்தில் ஒதுங்க இடம் கொடுத்தாரே, அந்தச் சித்தப்பாவின் மகன். மலைக்கு அந்தப் பக்கத்தவர்கள் அவனைத் தூண்டிவிட்டிருக்கிறார்கள். நான் பேசி முடித்ததும் அவன் வழக்கு நிற்கவில்லை. எல்லார் முன்னாலும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். பிறகு என்னிடம் வந்து உறவு முறைப்படி மூக்கோடு மூக்கு வைத்து அழுதான். "அண்ணே, ஒரேயடியா என்னய வெட்டி விட்றாத" என்றான்.

தாளில் பத்துப் பெயர்தான் எழுதுவார்களாம். எழுபது பேர் இருக்கிறோம் என்றேன். பத்து என்றார்கள். குடும்பக் கிளைக்கு ஒரு பெரியவராக என்னோடு ஒன்பது பெயர் சொன்னேன். பத்தாவதாக நிகோராவைச் சேர்த்தேன், அன்புக்காக. ஜெயித்தவன் அதைச் செய்யாவிட்டால் அப்பாவின் பெயருக்குத்தான் கேவலம்.

உன் பெயர் அதில் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. பத்துப் பேர் தூக்கினால் படகு அந்தப் பத்துப் பேருக்கா சொந்தம்? "இப்போது அந்த நிலத்தில் யார் இருக்கிறார்கள்?" என்று நீதிபதி கேட்டார். என் தங்கை, அடுப்பு அவளுடையது என்று சொன்னேன். கொட்டகை முழுக்கக் கேட்டது. அதற்கு மேல் உனக்குத் தாள் எதற்கு?

நிலம் அளந்த படத்தைச் சரிபார்த்து முடிவை எழுத்தில் தர வேண்டியது பாக்கி. எந்த நாளும் கூப்பிடலாம். 'வைபுனா' என்று மூன்று முறை கூப்பிட்டு யாரும் எழுந்திருக்கவில்லையென்றால் வழக்கைத் தள்ளிவிடுவார்கள். அதனால் நகர முடியாது. மணலில் கூடாரம். தண்ணீர் நன்றாக இல்லை. கிழங்கு அனுப்பு.

எருவேரா


வைபுனா
1867 மார்ச் 24

அண்ணா,

பன்னிரண்டு கூடை அனுப்பியிருக்கிறேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள். அடியில் இருக்கும் சின்னக் கூடையில் புகையில் உலர்த்திய விலாங்கு இருக்கிறது. அது ஹரியாட்டாவுக்கு. நீ தொடாதே.

உன் கடிதத்தை எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். தாத்தாக்களைப் பற்றிச் சொன்ன இடத்தில் சிரித்துச் சிரித்துச் சிலருக்குப் புரையேறியது. பத்தாவது பெயரைப் படித்ததும் சிரிப்பு நின்றது. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்புதானே, செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறான் என்று நானே சொன்னேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன் என்றும் சொன்னேன். செய்திருப்பேனா என்று இரவு வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் செய். தாள் கைக்கு வந்ததும் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஊர்வலம் போகாதே. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த, நம்மிடம் எதுவும் வாங்க நினைக்காத ஒருவரிடம் காட்டு. ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல். எழுதப்படாத அறுபது பேரைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டு எனக்கு எழுது. மிஷன் பள்ளியில் என் பலகையைப் பார்த்து எழுதித் தேறியவன் நீ. அதனால்தான் சொல்கிறேன்.

குழந்தைக்கு இருமல் என்று படகுக்காரர் சொன்னார். அனுப்பிவிடு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

பிரிஹிரா


துறைமுகம்
1867 மே 12

பிரிஹிரா,

ஹரியாட்டா வியாழக்கிழமை காலையில் போய்விட்டாள். கூடாரங்களில் இதோடு ஏழு குழந்தைகள்.

ரிரியா அவளைக் கொண்டு வருகிறாள். அவளுடைய தம்பிகள் படகு தள்ளுகிறார்கள். இந்தக் கடிதமும் அதே படகில் வருகிறது.

நான் வரவில்லை.

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டேன். நாளைக்கே கூப்பிடலாம் என்கிறார் குமாஸ்தா. போன வாரம் பக்கத்துக் கூடாரத்து ஆட்கள் ஒரு சாவுக்குப் போய்விட்டு நாலாம் நாள் திரும்பி வந்தார்கள். அவர்கள் நிலம் வேறொருவர் பெயருக்குப் போயிருந்தது. நான் போய் அழுதுவிட்டு வருவதற்குள் வைபுனா போய்விட்டால், அவளைப் புதைத்த மண்ணே நம்முடையது இல்லை என்று ஆகிவிடும். ரிரியாவிடம் இதைச் சொன்னேன். அவள் குழந்தையைச் சுற்றிய பாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். படகு கிளம்பும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊற்றுக்குப் பக்கத்து மரத்தடியில் வை. அவள் பிறந்தபோது நஞ்சுக்கொடியைப் புதைத்தோமே, அந்த மரம். குழியை நீதான் தோண்டினாய். இடம் உனக்குத் தெரியும்.

என் பங்குக்கும் சேர்த்து அழு.

எருவேரா


வைபுனா
1867 ஜூன் 2

எருவேரா,

அழுதேன். உன் பங்குக்கு அழவில்லை. அதை நீ வந்து அழுதுகொள்.

மூன்று நாள் வாசலில் வைத்திருந்தோம். மேல் ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவரும் முதலில் கேட்டது "அப்பன் எங்க?" என்றுதான். கோர்ட்டில் இருக்கிறான் என்று சொல்லிச் சொல்லி என் வாய் புளித்துவிட்டது. ஒரு பெரியவர், பெயர் சொல்லமாட்டேன், குழந்தையின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "உங்கப்பன் உனக்கு நெலம் வாங்கப் போயிருக்கான் தாயி, இந்தா, ஆறடி கெடச்சாச்சு" என்றார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

மூன்றாம் நாள் நிகோரா வந்தான். புதுத் தொப்பி. கூடவே ஒரு வெள்ளைக்காரர். அவர் நாங்கள் அழுவதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மரியாதை தெரிந்தவர்தான். ஆனால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஊற்றுப் பக்கம் நடந்து போய்த் தடியால் மண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து தண்ணீரை அள்ளிக் குடித்தார். அடக்கம் முடிந்ததும் நிகோராவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன், இவர் எதற்கு வந்திருக்கிறார் என்று.

"சும்மா பாக்க வந்திருக்காருக்கா. பாத்தா தேஞ்சா போயிடும்?"

"நீ பாத்தா தேயாது. அவரு பாக்கற பார்வைக்குத் தேயும்" என்றேன். சிரித்தான். அவன் சிரிப்பு நம் சித்தப்பாவின் சிரிப்பு அப்படியே.

ரிரியா தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டாள். உனக்குச் செய்தி எதுவும் சொல்லவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வாரம் உன்னைக் கூப்பிட்டார்களா?

பிரிஹிரா


துறைமுகம்
1867 ஆகஸ்ட் 18

தங்கைக்கு,

கூப்பிட்டார்கள். அந்த வாரம் இல்லை, படகு கிளம்பிய பதினோராம் நாள். நான் வந்து, புதைத்து, அழுது, மொட்டை மணலுக்குத் திரும்பி வந்து, இரண்டு நாள் படுத்துத் தூங்கியிருக்கலாம். நீ கேட்டதற்கு இரண்டு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

தாள் வந்தது. நீ சொன்னதைச் செய்தேன். மிஷனிலிருந்து ஓய்வு பெற்ற பாதிரியார் ஒருவர் இங்கே இருக்கிறார். அவரிடம் கொடுத்தேன். வாசலில் நாற்காலியைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வரி படித்து ஒரு வரி நம் மொழியில் சொன்னார். பாதியில் நிறுத்தி உள்ளே போனார். தண்ணீர் குடிக்கப் போனார் என்று நினைத்தேன். திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து படித்தார்.

அந்த அறுபது பேரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை, பிரிஹிரா. பத்துப் பேரும் சொந்தக்காரர்கள். என் சட்டை எனக்குச் சொந்தமாக இருப்பது போல. ஒவ்வொருவரும் தன் பங்கை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம்.

தாளைத் தூக்கிக்கொண்டு குமாஸ்தாவிடம் ஓடினேன். நாங்கள் எழுபது பேருக்காகப் பத்துப் பேர் நின்றோம், அது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. மொழிபெயர்ப்பவர் சொன்னது இது: "நீங்கதானே பேரு குடுத்தீங்க. மத்தவங்களுக்கும் சேத்துன்னு எழுதச் சொல்லி நீங்க கேக்கவும் இல்ல, நாங்க எழுதவும் இல்ல."

கேட்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீர் நனைக்கும் என்று எழுதி வைப்பதுண்டா?

நிகோரா தாள் வந்த வாரமே தன் பங்கை விற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டான். அடக்கத்துக்கு வந்தாரே, தொப்பியைக் கழற்றிய அந்த வெள்ளைக்காரர், அந்தத் தொப்பிக்காரரிடம். பிறகு நாலு பேர். அவர்களையும் என்னால் திட்ட முடியவில்லை. மழையில் ஒழுகுகிற கூடாரத்தில் மிச்சமிருக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம் பலகை வீட்டையும் குதிரையையும் காட்டுகிறார்கள். நான் கூடாரம் கூடாரமாகப் போகிறேன். காலில் விழுந்திருக்கிறேன். நான் போடமாட்டேன். அதை மட்டும் நம்பு.

எருவேரா


வைபுனா
1867 செப்டம்பர் 8

எருவேரா,

அறுநூறு ஆடுகள். இரண்டு நாய்கள், இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள், குதிரையில் நிகோரா. மேலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து தோட்டத்தில் விட்டார்கள். நடுவதற்காகப் பதியம் போட்டு வைத்திருந்த நாற்றெல்லாம் ஒரு மாலைக்குள் போயிற்று. கொடி சுற்றியிருந்ததே, அந்த வெள்ளை முளை மட்டும் நிற்கிறது. ஆடு மரத்தைத் தின்னாது போலிருக்கிறது.

விதைக்கிழங்குக் குழியைத் திறந்து சாப்பிடுகிறோம். சாப்பிட்டோம் என்று எழுத வேண்டும். ஒவ்வொரு குடும்பமாக ஆற்றுக்கு அந்தப் பக்கம் உறவுக்காரர்களிடம் போய்க்கொண்டிருக்கிறார்கள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டு விடிவதற்கு முன் போகிறார்கள்.

தொப்பிக்காரர் என்னைப் பார்க்க வந்தார். வாசலுக்கு வெளியே நின்றார். நிகோரா சொன்னான்: "ஆட்டுக்கு மயிர் வெட்டற வரைக்கும் நீ இங்கயே இருந்துக்கலாம்னு சொல்றாருக்கா. நல்ல மனுசன்." ஆக, என் வீட்டில் நான் இருக்கலாம் என்று எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. டிசம்பர் வரை.

இதை எழுதாமல் விட வேண்டும் என்றுதான் இவ்வளவு நாள் இருந்தேன். நிகோராவை அன்புக்காகச் சேர்த்தாய். என்னை எதற்காக விட்டாய்?

அடுப்பு இருந்தால் தாள் எதற்கு என்று எழுதினாய். நானும் அதைத்தான் நம்பினேன். அதனால் உன்மேல் மட்டும் கோபப்பட முடியவில்லை. ஆனால் நான் வரவில்லை என்பதற்கும், என் பெயர் வரவில்லை என்பதற்கும் நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது. அதை நீ எனக்குச் சொல்லவில்லை. உன் எழுத்தில் நீ மழுப்புகிற இடம் எனக்குத் தெரியும். என் பலகையைப் பார்த்து எழுதிய காலத்திலிருந்தே தெரியும்.

பிரிஹிரா


துறைமுகம்
1867 அக்டோபர் 20

பிரிஹிரா,

உன் பெயரைச் சொன்னேன். பத்தாவதாக உன்னைத்தான் சொன்னேன்.

குமாஸ்தா எழுத ஆரம்பித்துவிட்டார். முதல் இரண்டு எழுத்து தாளில் விழுந்துவிட்டது. அப்போது நிகோரா சுவரோரம் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இவன் எவ்வளவு பெரிய மனசுக்காரன் என்று பார்க்கக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு அடுப்பு இருக்கிறது, இவனுக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அதை அடித்துவிடுங்கள் என்றேன். குமாஸ்தா ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு அதே வரியில் நிகோரா என்று எழுதினார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதுதான் நடுவில் இருப்பது. எட்டு மாதமாக அந்த இரண்டு எழுத்தோடு படுத்து எழுந்திருக்கிறேன்.

ஒன்பது பேரும் போட்டுவிட்டார்கள். நான் ஒருவன்தான் மிச்சம்.

இப்போது ஒரே ஒரு வழி இருக்கிறது. நவம்பர் 18 திங்கட்கிழமை கோர்ட் கூடுகிறது. என் பத்தில் ஒரு பங்கைத் தனியாக வெட்டிக் கொடுக்கக் கேட்டிருக்கிறேன். வீடு, ஊற்று, அவள் மரம், இவை மூன்றும் அதற்குள் வந்துவிட்டால் போதும். மற்றதெல்லாம் போகட்டும். அதை அங்கேயே உன் பெயருக்கு எழுதித் தருவேன். ஆனால் எதிரில் நிற்காதவர் பெயரை நீதிபதி எழுதமாட்டார். நீ வர வேண்டும்.

நெருப்பை விட்டுவிட்டு வா என்று உன்னிடம் சொல்கிற தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் வா.

எருவேரா


வைபுனா
1867 நவம்பர் 8

அண்ணா,

வருகிறேன்.

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அந்த இரண்டு எழுத்தைப் பற்றி ஒன்றும் எழுத வரவில்லை. கோபம் போகவில்லை. கோபத்தோடுதான் வருகிறேன். நேரில் பார்த்துத் திட்டிக்கொள்கிறேன், அதற்கு எத்தனையோ வருடம் இருக்கிறது.

பின்னால் பார்த்துக்கொள்ள இங்கே யாரும் இல்லை. கடைசிக் குடும்பமும் போன வாரம் படகோடு ஆற்றைத் தாண்டிவிட்டது, நான் நாலு நாள் நடந்துதான் வர வேண்டும். இருபது வீட்டில் ஒரு வீட்டில்தான் புகை. ஆடுகள் என் வாசலில் படுத்துக்கொள்கின்றன. பழகிவிட்டன.

போன முறை நெருப்புக்காக இருந்தேன், தாள் போயிற்று. இந்த முறை தாளுக்காகக் கிளம்புகிறேன். சரியா தவறா என்று யோசிக்க ஆரம்பித்தால் கால் நகராது, அதனால் யோசிக்கவில்லை. ஆனால் அணைத்துவிட்டு வரமாட்டேன். முன்னோர்கள் இடம் மாறும்போது செய்தது போல, காய்ந்த மரக்காளானுக்குள் அடுப்புக் கங்கு ஒன்றை வைத்து, ஈரப்பாசியால் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறேன். ஒரு காளான் ஒரு நாள் கனலும். ஐந்து எடுத்து வைத்திருக்கிறேன். கையில் எரிந்துகொண்டிருக்கிற நெருப்பை யாரும் ஆறிப்போனது என்று சொல்ல முடியாது.

நான் எப்போதும் கடைசி நேரத்தில்தான் கிளம்புவேன் என்று கேலி செய்வாயே. இந்த முறை ஒரு நாள் கையில் வைத்துக்கொண்டு புதன்கிழமையே கிளம்புகிறேன்.

நேற்று மாலை மரத்தடிக்குப் போய் ஹரியாட்டாவிடம் சொல்லிக்கொண்டேன்.

பிரிஹிரா


துறைமுகம்
1867 நவம்பர் 13, இரவு

பிரிஹிரா,

நகராதே. எங்கே உட்கார்ந்திருக்கிறாயோ அங்கேயே இரு.

திங்கட்கிழமைக்கு முன்னதாகவே இன்று மதியம் எங்களைக் கூப்பிட்டார்கள்; தொப்பிக்காரரின் வக்கீல், வைபுனாவில் மாவோரி ஒருவரும் இல்லை, ஆடுகள்தான் இருக்கின்றன, ஆகவே என் பங்கை மேல்கோடிக் கல்மேட்டில் கொடுத்தால் போதும் என்று சொன்னார். நான் எழுந்து கத்திவிட்டேன். என் தங்கை இருக்கிறாள், அவள் அடுப்பு எரிகிறது என்று கத்தினேன். நீதிபதி என்னை உட்காரச் சொல்லவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், இந்த முறை எழுதவும் செய்தார்: கோர்ட்டின் அதிகாரி ஒருவர் நேரில் போய்ப் பார்ப்பார். வீட்டில் ஆள் இருந்து அடுப்பு எரிந்தால், அந்த வீட்டையும் ஊற்றையும் மரத்தையும் சுற்றி என் பங்கை வெட்டித் தருவார். உன் பெயரையும் அங்கேயே எழுதிக்கொள்வார். நீ இங்கே வந்து நிற்கக்கூட வேண்டாம். ஆள் இல்லையென்றால் கல்மேடு.

சனிக்கிழமை வருகிறார். நாளை காலை இரண்டு பேரோடு குதிரையில் கிளம்புகிறார்.

முதல் முறையாக நம் அடுப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், பிரிஹிரா. முதல் முறையாக.

நம் ஆள் ஒருவனிடம் குதிரை இருக்கிறது. அவனிடம்தான் இதைக் கொடுக்கிறேன். உன்னிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை, ஆனால் நீ எப்போதும் கடைசி நாள்தான் கிளம்புவாய். அந்தப் பழக்கத்துக்காக இவ்வளவு வருடம் உன்னைத் திட்டியிருக்கிறேன், இன்று அதைத்தான் நம்பி உட்கார்ந்திருக்கிறேன். பச்சைக் கிளைகளைப் போடு. புகை நன்றாக மேலே போகட்டும். தூரத்திலிருந்தே தெரியட்டும். வாசலில் நில். பெயர் கேட்டால் சத்தமாகச் சொல்.

எருவேரா


ஆற்றுத் துறை
1867 நவம்பர் 15, மாலை

அண்ணா,

உன் கடிதம் இங்கே படகுத் துறையில் என் கைக்கு வந்தது. கொண்டு வந்தவனின் குதிரை நொண்டுகிறது. அவன் என்னைப் பார்த்ததும் "அக்கா, நீங்க இங்க என்ன பண்றீங்க?" என்றான். உன் எழுத்தைப் படிக்கும்வரை அவன் ஏன் அழப்போகிறவன் போல நிற்கிறான் என்று எனக்குப் புரியவில்லை.

மூன்று நாள் நடந்திருக்கிறேன். திரும்பிப் போகவும் மூன்று நாள். நாளை சனிக்கிழமை.

இன்று நடுப்பகலில் எதிரே மூன்று குதிரைகள் வந்தன. ஓரமாக நின்று வழிவிட்டேன். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் என் கையில் இருந்த மூட்டையிலிருந்து புகை வருவதைப் பார்த்துக் குதிரையை நிறுத்தினார். என்ன அது என்று கேட்கச் சொன்னார். கூட வந்தவர் நம் மொழியில் கேட்டார், மூன்று வயதுப் பிள்ளை அம்மாவைக் கூப்பிடுவது போல. உடனே உன் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

"எங்க வீட்டு அடுப்பு" என்றேன்.

அவர் அதை எப்படிச் சொன்னாரோ, மூன்று பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. கறுப்புக் கோட்டுக்காரர் தொப்பியைத் தொட்டுவிட்டுக் குதிரையைத் தட்டினார். எந்த ஊர் என்று கேட்கவில்லை. பெயர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

படகுக்காரர் இந்தத் தாளும் பென்சிலும் கொடுத்தார். இதை உன்னிடம் சேர்த்துவிடுவார். மழை வருகிறது, தங்கிவிட்டுப் போ என்கிறார். தங்கமாட்டேன். இப்போதே திரும்புகிறேன். நான் போய்ச் சேரும்போது அங்கே அவர் எழுதிக்கொண்டு போயிருப்பார் என்று தெரியும். தெரிந்தேதான் போகிறேன். வேறு எங்கே போவது?

காளானைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பாகத்தான் இருக்கிறது. இன்னும் இரண்டு காளான்தான் மிச்சம். மூன்றாம் நாளுக்கு வழியில் ஏதாவது மரம் கொடுக்கும்.

திங்கட்கிழமை உன்னிடம் என்ன நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே. கல்மேடு என்றால் கல்மேடு, அதுவாவது நம் கையில் இருக்கட்டும். அதற்குப் பிறகு எனக்கு எழுது. வைபுனாவுக்கே எழுது. மேலே என் பெயரை முழுதாக எழுது.

பிரிஹிரா